ஆறு ஓட்டை

பிரதான மின்பெட்டியின் கைப்பிடியில்
ஒரு இரும்பு நாக்கு. அதில் ஆறு ஓட்டை.
எஞ்சின் அறைக்குள் இறங்குகிற ஆள்
தன் ஆமாப்பூட்டைத் தானே கொழுவவேணும்,
திறப்பைத் தன் பொக்கற்றில் போடவேணும்.
இரவல் இல்லை.
"எனக்கும் சேர்த்துப் பூட்டு" என்று
புருசனிடம் பெண்சாதி சொன்னாலும் செல்லாது.

என்னுடையது மஞ்சள்.
முதுகில் வெள்ளைப் பெயின்ற்றால் "வ".
பீல் ஏரிக்கரைக் கொட்டகையில்
அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்.
அது ஆருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

கார்த்திகையில் படகுகள் கரையேறும்.
லா முவெத்தின் டீசல் எஞ்சின்
ஏழு மாதம் சுற்றுலாக்காரரை இழுத்த களைப்பில்
கரி எண்ணெயைக் கக்கிக்கொண்டு கிடக்கும்.
தாலிக்கொடி லொக்கரில்,
மோதிரம் சோற்றுப் பெட்டிக்குள்,
பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் அடைத்தபின்
இறங்குவேன்.
சுழல்கிற தண்டுக்குத் தங்கம் எது, தலைமயிர் எது?

இஞ்செக்டர் குழாயில் கசிவென்றால்
விரலால் தடவிப் பார்க்காதே, மட்டையைப் பிடி.
கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாரை
தோலிடம் கேட்காமலே உள்ளே போகும்;
வலி ஆறுதலாக,
இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும்.
இதெல்லாம் எனக்குத் தேவாரம் போல மனப்பாடம்.
மனப்பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வெள்ளிக்கிழமை
நாலு ஐம்பது றெயிலுக்கு ஓடினேன்.
மகனுக்குப் பல் வைத்தியரிடம் ஐந்தரைக்கு நேரம்.
லீஸ் வருகிற நேரம்
ரிக்கற் தேடிக் கைவிட்டால்
பொக்கற்றுக்குள் குளிர்ந்து கிடக்கிறது
திறப்பு.

போனில் பதினொரு தவறிய அழைப்பு.
பன்னிரண்டாவது ஸ்பின்டன்:
"எங்கே நிற்கிறாய்?"
"றெயிலில்."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்குப் பின்னால் ஆரோ
நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

பிறகு ஃபத்மிரே சொன்னாள்.
எஞ்சினை ஓட்டிப் பார்க்க
எல்லாரும் தங்கள் பூட்டைக் கழற்றினார்களாம்.
ஐந்து ஓட்டை வெறுமை. ஆறாவதில் "வ".
பூட்டு வெட்டுகிற கத்தரி சுவரில்தான் தொங்கியது,
ஒருத்தரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
ரோச் லைற்றோடு இறங்கினார்கள்.
தண்டுக்கு அடியில், தொட்டிக்குப் பின்னால்,
பூனையும் புக யோசிக்கிற இடமெல்லாம்
வயிற்றால் ஊர்ந்து
"ஃபதனி! ஃபதனி!" என்று
என் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டபடி
இருபது நிமிஷம்.

நான் அந்த நேரம்
யன்னலோர இருக்கை கிடைத்த சந்தோசத்தில்
அப்பிள் தின்றுகொண்டிருந்தேன்.

லீஸில் இறங்கி எதிர் மேடைக்கு ஓடினேன்.
(பல் வைத்தியர் வராததற்கு
அறுபது பிராங் பில் அனுப்பினார், அது வேறு கதை.)
திரும்பிப் போகிற வழியெல்லாம்
மன்னிப்பை ஜெர்மனில் கட்டிப் பார்த்தேன்.
தமிழில் போலவே அந்த வசனத்திலும்
வினைச்சொல் கடைசியில் வரவேணும்.
வரவில்லை.

கொட்டகையில் ஐந்து பேரும் நின்றார்கள்,
முழங்கால் வரை கறுப்பு.
ரேத்தோவின் நெற்றியில் ஒரு கீறல், இரத்தம் காய்ந்து.
ஏச்சு விழப்போகிறது என்று குனிந்தேன்.
ஸ்பின்டன் பதிவுக் கொப்பியை நீட்டினார்:
"எழுது. பூட்டு மறந்தது. நேரமும் போடு."
எழுதினேன்.
மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
அவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

கிளிக்.
ஆறு ஓட்டைக்குள்ளாலும் சுவர் தெரிந்தது.

ரேத்தோ விரல் மடக்கி எண்ணினான்,
தன்னையும் சேர்த்து.
ஆறு.
என்னில் வந்து நின்று
இன்னொருக்கால் எண்ணினான்.

அதற்குப் பிறகுதான்
லா முவெத் இருமியது.